வெறுங்கையோடு ஒரு சுற்று

ஜனவரி பிறந்தால் போதும், நம் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுகிறீர்கள். பூங்கொத்துப் படம், சூரியன் உதிக்கிற படம், கூடவே 'இந்த வருடம் எனக்காக வாழ்வேன்' என்று ஒரு வாசகம். அதோடு விட்டாலும் பரவாயில்லை. நாளையிலிருந்து எல்லோரும் சேர்ந்து வாக்கிங், விடிந்ததும் பார்க் வாசலில் கூட வேண்டும் என்று ஓர் உத்தரவு வேறு. நான் வருவதில்லை. அதற்கு 'அவளுக்குத் திமிர்' என்று நீங்கள் பேசிக்கொண்டதும் என் காதுக்கு வந்தது. பேசுங்கள். அறுபதைத் தாண்டிய பிறகு கொஞ்சம் திமிர்கூட இல்லாவிட்டால் எப்படி? நான் நடக்காமல் இல்லை, தனியாக நடக்கிறேன். துணைக்கு வருகிறேன் என்று மாப்பிள்ளை செருப்பை மாட்டினால் அவரையும் திருப்பி அனுப்பிவிடுகிறேன். ஏன் என்று கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன்.

நான் ஏற்காட்டில் வளர்ந்தவள். சொன்னவுடன் எல்லோரும் 'ஐயோ, கொடுத்து வைத்தவள்' என்பீர்கள். எங்களுக்குக் கொடுத்து வைத்தது அடுப்புப் புகைதான். பஸ் ஸ்டாண்டை ஒட்டி அப்பா ஒரு மெஸ் வைத்திருந்தார். முன்பக்கம் தகரக்கூரை போட்ட கடை, பின்பக்கம் சமையல்கட்டு, அதற்கும் பின்னால் ஒரே அறையில் எங்கள் குடித்தனம். அப்பா கல்லாவில் இருப்பார். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, மாமா காலமான பிறகு எங்களோடு வந்துவிட்டவள், காய் நறுக்குவாள். மீதி எல்லாம் அம்மா. சேலத்திலிருந்து முதல் பஸ் மேலே ஏறி வருவதற்குள் இட்லி வெந்திருக்க வேண்டும். டிரைவர், கண்டக்டர், எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர்கள், கான்வென்டில் பாடம் எடுக்கிற வெளியூர் டீச்சர் என்று வாடிக்கைக்காரர்கள் வந்துகொண்டே இருப்பார்கள்.

அம்மாவால் ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாது. அபூர்வமாக உட்கார்ந்தாலும் கால் ஆடிக்கொண்டே இருக்கும். "காலாட்டாத புள்ள, ஊட்டுக்கு ஆகாது" என்று அத்தை அதட்டுவாள். அம்மா நிறுத்துவாள். கொஞ்ச நேரத்தில் மற்றொரு கால் தானாக ஆட ஆரம்பிக்கும். எனக்கு அப்போது பதினொரு வயது. அந்த ஆட்டத்தைப் பார்த்தால் எனக்கும் உள்ளுக்குள் என்னவோ பரபரவென்று இருக்கும். எதற்கு என்று தெரியாது.

அம்மா வாக்கப்பட்டு வந்தது கீழ்நாட்டிலிருந்து, சேலம் பக்கத்துக் கிராமம். வந்த நாள் முதல் அடுப்படிதான். எங்கள் சந்தைத் தெருவைத் தாண்டிக் கொஞ்சம் இறங்கினால் ஏரி. எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வந்து ஜனங்கள் அந்த ஏரியைப் பார்த்துவிட்டு, எங்கள் மெஸ்ஸுக்கு வந்து, ஏரி அப்படி, ஏரி இப்படி என்று சிலாகித்துக்கொண்டே சாப்பிடுவார்கள். அவர்களுக்குச் சோறு போடுகிற அம்மா ஏரியை முழுசாகப் பார்த்ததில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள். அவள் பார்த்ததெல்லாம் கடைக்குப் போகிற வழியில் இரண்டு கட்டடத்துக்கு நடுவே தெரிகிற ஒரு துண்டுத் தண்ணீர்.

அந்த வருஷக் கடைசி நாள் சாயந்திரம் டீச்சர் சாப்பிட வந்தார். நல்ல குளிர். காப்பிப் பழம் பறிக்கிற காலம் வேறு. எஸ்டேட் பக்கமிருந்து பழத்தோல் புளித்த வாடை ஊர் முழுக்க வீசும். தித்திப்பும் நாற்றமும் கலந்த அந்த வாடை எங்கள் ரசத்திலேயே இறங்கிவிட்டதுபோல இருக்கும். டீச்சர் ஊரிலிருந்து ஏதோ புத்தகம் படித்துவிட்டு வந்திருந்தார் போல, பந்தியில் இருந்த எல்லோரையும் பிடித்துக்கொண்டார். "புது வருஷத்துல நல்லதையே நெனக்கணும். நமக்குன்னு ஏதாவது ஒண்ணப் புதுசா ஆரம்பிக்கணும். நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

கண்டக்டர் பீடியை விடப்போவதாகச் சொன்னார். அப்பா கடைக்குப் புது போர்டு வைக்கப்போவதாகச் சொன்னார். அத்தை, "பழனிக்குப் போவோணும் சாமி" என்றாள். சாம்பார் வாளியோடு நின்ற அம்மாவைப் பார்த்து டீச்சர், "அக்கா, நீங்க?" என்றார்.

அம்மா திகைத்துப்போனாள். அவளிடம் அப்படி ஒன்றை அதுவரை யாரும் கேட்டதில்லை. வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "அவளுக்கென்னங்க டீச்சரு, நாங்க நல்லாருந்தா அவளும் நல்லாருப்பா." எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்டக்டரின் மோர்ச்சோற்றில் சாம்பாரை ஊற்றிவிட்டாள்.

மறுநாள் புது வருஷம். எங்களுக்கு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிற நாள். விடியும்போது அத்தை எழுந்து பார்த்தால் அம்மாவைக் காணோம். அடுப்பு எரிகிறது, இட்லிப் பானை ஏறியிருக்கிறது, சட்டினிக்குத் தேங்காய் துருவி வைத்திருக்கிறது. ஆள் மட்டும் இல்லை. அத்தை கூப்பாடு போட்டாள். அப்பா மப்ளரைச் சுற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினார். ஆளுக்கொரு பக்கம் தேடிக்கொண்டிருக்கும்போதே, இட்லிப் பானையைத் திறக்கிற நேரத்துக்குச் சரியாக அம்மா உள்ளே வந்தாள். மூக்கு நுனி சிவந்திருந்தது. தலைமயிர் முழுக்கப் பனித்துளி. வந்தவுடன் கையைக் கழுவிவிட்டு இட்லியை எடுக்க ஆரம்பித்தாள்.

"எங்க புள்ள போயிட்ட?"

"ஏரியச் சுத்திட்டு வந்தனுங்க."

"ஏரியவா? எதுக்கு?"

"சும்மாதானுங்க."

அப்பாவுக்கு விளங்கவில்லை. கோவிலுக்கு என்றிருந்தால் சரி. பால் வாங்க, சுள்ளி பொறுக்க, யாருக்கோ உடம்புக்கு முடியவில்லை என்று பார்த்துவர, எதைச் சொல்லியிருந்தாலும் சரி. சும்மா என்றால் என்ன செய்வது? அன்று கூட்டத்தில் பேச நேரமில்லை. மறுநாளும் அம்மா போனாள், அதற்கு மறுநாளும் போனாள். போவதற்கு முன்னால் எந்த வேலையையும் பாக்கி வைக்கமாட்டாள். அதனால் குற்றம் சொல்லவும் வழியில்லை. அப்பாவுக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

அத்தைதான் ஒரு வழி சொன்னாள். "ஏம்புள்ள, சேர்வராயன் சாமிக்கு வேண்டுதல்னு சொல்லிப்போடு. இத்தன நாள் ஏரியச் சுத்தறேன்னு வேண்டிக்கிட்டேன்னு சொன்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"அப்படி ஒண்ணும் வேண்டிக்கலீங்க அண்ணி. சாமி பேர்ல எதுக்குங்க பொய் சொல்றது?"

"அப்ப என்னதான் நெனச்சுட்டுப் போற?"

"எனக்குன்னு ஒண்ணு பண்ணோணும்னு டீச்சரு சொன்னாங்கல்லங்க. எனக்குப் போகோணும்னு இருக்குது, போறேன்."

அத்தை வாயில் கைவைத்தாள். அம்மாவை விட்டுவிட்டு அந்த டீச்சரை ஒரு மூச்சு திட்டித் தீர்த்தாள்.

இதற்குள் விஷயம் கடைத்தெருவுக்குப் போய்விட்டது. கொண்டுபோனவர் கரடியூர் காய்க்காரர். மலைக்காரர், எங்களுக்கு பீன்சும் சௌசௌவும் கொண்டுவருகிறவர். தலையில் மூட்டையோடு விடிகாலையில் ஏரிக்கரை வழியாகத்தான் வருவார். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். ஒரு நாள் மூட்டையை இறக்கிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, போகாமல் நின்றார்.

"ஏனுங்க மொதலாளி, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க."

"ஏரிக்கு அக்கட்டால அக்காவ நித்தமும் பாக்கறனுங்க. தண்ணியோரம் நின்னு வெறிச்சுப் பாத்துட்டே இருக்கறாங்க. கையில ஒண்ணுமில்லீங்க. வெறுங்கையோட போறாங்க, வெறுங்கையோட நிக்கறாங்க. எனக்கு மனசு கேக்கலீங்க, அதான் சொல்லிப்போட்டேன்."

அவர் சொன்னதன் அர்த்தம் கீழ்நாட்டில் இருக்கிற உங்களுக்குப் புரியாது. எங்கள் மலையில் விடிகாலையில் யாரும் வெறுங்கையோடு நடக்கமாட்டார்கள். விறகு, பால், காய் மூட்டை, பழம் பறிக்கிற சாக்கு, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு வெட்டரிவாள், ஏதாவது ஒன்று கையிலோ தலையிலோ இருந்தே தீரும். ஏறி இறங்குவதே பெரும்பாடு, அதை ஒரு காரியத்துக்கு அல்லாமல் யார் செய்வார்கள்? அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் எஸ்டேட்டில் வேலை செய்த ஒரு பெண், சாக்கையும் கூடையையும் மேட்டில் ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு ஏரியில் இறங்கியிருந்தாள். அது எல்லோர் மனசிலும் இருந்தது. வெறுங்கையோடு தண்ணீரைப் பார்த்துப் போகிற பெண் என்றால் அவர்களுக்கு ஒரே அர்த்தம்தான்.

அப்பா ஆடிப்போய்விட்டார். அவரைக் கெட்டவர் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். அன்று மத்தியானம் அவர் சாப்பிடவே இல்லை. கூட்டம் ஓய்ந்ததும் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். "ஏம்புள்ள, உனக்கு ஏதாச்சும் வேணுமா? சேலத்துக்குப் போயி ஒரு சேலை எடுத்துட்டு வரட்டுமா? உங்கம்மா ஊட்டுக்குப் போயி ரண்டு நாள் இருந்துட்டு வர்றயா?"

அம்மா பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே, "எனக்கு எதுவும் வேண்டாங்க. நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்றாள்.

பாவம், அப்பாவுக்கு அதைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. எதுவும் வேண்டாம் என்கிறவளை எதைக் கொடுத்துப் பிடித்து வைப்பது?

மறுநாள் முதல் என்னைத் துணைக்கு அனுப்பினார்கள். அத்தை தன் பங்குக்கு ஒரு தூக்குப்போசியை அம்மா கையில் திணித்தாள். "பாலுக்குப் போறாப்பல இருக்கட்டும். ஊர் வாய மூட வேற வழியில்ல." பித்தளைத் தூக்குப்போசி, உட்புறம் ஈயம் பூசியது, கழுத்தோரம் அப்பாவின் பெயரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அம்மா ஒரு நிமிஷம் அதைப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டாள்.

அந்த நடை எனக்கு இன்றைக்கும் காலில் இருக்கிறது. முதல் நாள் நான் நடக்கவில்லை, ஓடினேன். அம்மா அப்படி வேகமாக நடப்பாள் என்று எனக்குத் தெரியாது. வீட்டில் ஆடிக்கொண்டிருந்த அந்தக் கால்கள் அங்கே போனதும் சொன்னபடி கேட்டன. பனி ஏரியை மூடியிருக்கும், கரை மட்டும் தெரியும். சில்வர் ஓக் மரங்களிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தலையில் விழும். பழம் பறிக்கப் போகிற பெண்கள் இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு எதிரே வருவார்கள். "பாலுக்குங்களா?" என்று கேட்பார்கள். அம்மா தூக்குப்போசியைத் தூக்கிக் காட்டுவாள். அவர்களும் திருப்தியாகப் போய்விடுவார்கள்.

வழியில் அம்மா பேசவே மாட்டாள். நான் ஏதாவது கேட்டால், "ம்" என்பாள். முதலில் எனக்குக் கோபமாக வந்தது. பிறகு பழகிவிட்டது. அம்மா பக்கத்தில் இருக்கிறாள், ஆனால் யாருக்கும் எதுவும் பரிமாறாமல் இருக்கிறாள். அப்படி ஓர் அம்மாவை அதுவரை நான் பார்த்ததில்லை. ஒரு திருப்பத்தில் நாய் ஒன்று பனிக்குள்ளிருந்து திடீரென்று வந்து, எங்களைப் பார்த்துப் பயந்து, வந்த வழியே ஓடியது. அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே கிடையாது.

ஏரிக்கு அந்தப் பக்கம் கரை கொஞ்சம் உள்ளே நீண்டிருக்கும் ஓரிடத்தில் அவள் நிற்பாள். காய்க்காரர் சொன்ன இடம் அதுதான். நானும் பயந்துகொண்டேதான் முதல் நாள் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏம்மா இங்கயே நிக்கறே?"

"அங்க பாரு கண்ணு" என்று அக்கரையைக் காட்டினாள். பனி விலகிக்கொண்டிருந்தது. கட்டடங்களுக்கு மேலே ஒரு தகரக்கூரை. அதிலிருந்து புகை நேராக மேலே போய், பிறகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "நம்ம ஊட்டுப் பொகை. நானு பத்த வச்ச அடுப்பு. இங்கிருந்து பாத்தா எத்தன சின்னதா இருக்குது பாரு."

அவ்வளவுதான் விஷயம். தன் வீட்டை வெளியிலிருந்து ஒரு தரம் பார்க்க அவளுக்குப் பிடித்திருந்தது. பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, வந்ததைவிட வேகமாகத் திரும்ப நடப்பாள். நான் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன், அம்மா நம் வீட்டுப் புகையைத்தான் பார்க்கிறாள் என்று. அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, அத்தையிடம் போய், "புள்ளைக்கே என்னமோ சொல்லி மயக்கி வச்சிருக்கறா" என்றார். குழந்தைகள் நிஜத்தைச் சொன்னால் யார் நம்புகிறார்கள்?

தூக்குப்போசி அம்மாவுக்கு இடைஞ்சலாக இருந்தது. கையை வீசி நடக்க முடியவில்லை. சில நாள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு போகும்போது ஒரு பாலத்துக் கட்டையில் வைத்துவிட்டுப் போவாள், வரும்போது எடுத்துக்கொள்வாள். ஒரு நாள் வந்து பார்த்தால் காணோம். குரங்கு தூக்கிப்போயிற்றோ, மனுஷர் தூக்கிப்போனார்களோ, நாங்கள் புதரெல்லாம் தேடினோம். கிடைக்கவில்லை. அத்தை ஒப்பாரி வைக்காத குறை. "எங்கப்பன் ஊட்டுப் போசி!" என்று மாலை வரை புலம்பினாள். அம்மா முகத்தில் வருத்தம் வரவேண்டும் என்று முயற்சி செய்தது எனக்கே தெரிந்தது. வரவில்லை.

மறுநாள் அம்மா மறுபடியும் வெறுங்கையோடு நடந்தாள். எனக்குக்கூடச் சந்தோஷமாக இருந்தது, கையை வீசி அவளோடு நடக்க. ஊரோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டது. பாத்திரத்தையும் தூக்கி எறிந்துவிட்டாள், இனி முடிவெடுத்துவிட்டாள் என்று காய்க்காரர் வந்து சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டதும் அப்பா, கண்டக்டர், படகுத்துறையில் வேலை பார்த்த படகுக்காரர் மூவரும் கூடிப் பேசியிருக்கிறார்கள்.

அடுத்த நாள் காலை பனி அதிகம். அம்மா வழக்கமான இடத்தில் நின்றாள். புகை தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் போனால் தெரியுமோ என்று தண்ணீர் ஓரமாக இறங்கி, குனிந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

"ஏய் புள்ள! வேண்டாம்! வேண்டாம்னு சொல்றேன்!"

மரத்துக்குப் பின்னாலிருந்து அப்பா பாய்ந்து வந்தார். மப்ளர் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். பனி விழுந்த புல் வழுக்கும் என்பது அவருக்கு அந்த அவசரத்தில் மறந்துவிட்டது. கால் வாரி, அம்மாவைத் தாண்டி, மல்லாக்கத் தண்ணீருக்குள் போய் விழுந்தார். அந்த இடம் நல்ல ஆழம். அப்பாவுக்கு நீச்சல் தெரியாது.

நான் அலறினேன். அதே மரத்தடியிலிருந்து ஓடிவந்த கண்டக்டர் கையை உதறிக்கொண்டு கரையிலேயே நின்று குதித்தார், அவருக்கும் நீச்சல் தெரியாது. படகுக்காரர் படகை எடுத்துவர ஓடினார், அது பூட்டிக் கிடந்தது. அம்மாதான் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் குதித்தாள். அவள் கிணற்றுக்குள் குதித்துக் குதித்து வளர்ந்தவள் என்று எங்களில் யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதில்லை. பாசியில் சிக்கி மூழ்கியெழுந்த அப்பாவின் கழுத்து மப்ளரைப் பிடித்து இழுத்து, மூட்டையைப் போலக் கரையில் தள்ளினாள்.

அப்பா தண்ணீரைக் கக்கினார், இருமினார். அம்மா அவர் முதுகைத் தட்டிக்கொண்டே, "ஏனுங்க, எதுக்குங்க இதுல உளுந்தீங்க?" என்றாள்.

"நீ… நீ உளுந்திருவேன்னுதான்…"

"நானா? நான் எதுக்குங்க உளுகோணும்?"

சிரிக்க ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டது. கண்டக்டரைப் பார்த்தாள். மேலே மூட்டையோடு நின்ற காய்க்காரரைப் பார்த்தாள். மரத்துக்குப் பின்னால் கிடந்த பீடித் துண்டுகளைப் பார்த்தாள். அவர்கள் வெகுநேரமாக அங்கே நின்றிருக்கிறார்கள். அவள் முகம் எப்படி மாறியது என்று என்னால் எழுதிக் காட்ட முடியாது. மெதுவாகக் கேட்டாள்.

"இத்தன நாளும் எல்லாரும் என்னையப் பாத்துட்டேதான் இருந்தீங்களா?"

அம்மாவுக்கு நடுக்கம் வந்தது. குளிர் என்று எல்லோரும் நினைத்துக் கம்பளியைக் கொடுத்தார்கள்.

ஊர் வாய் இருக்கிறதே, அதற்கு ஒரு நாள் போதும். சாயந்திரத்துக்குள் கதை தலைகீழாகிவிட்டது. ஏரியில் விழுந்தது மெஸ்காரர், கரையேற்றியது சம்சாரம். அப்படியானால் சாகப் போனது யார்? "மனுஷனுக்கு ஊட்ல என்ன கொடுமையோ" என்று அப்பாவின் காதுபடவே பேசினார்கள். அப்பாவுக்குக் காய்ச்சல் கண்டது, நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. பார்க்க வந்த டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உடம்பு தேறியதும் தினமும் காலையில் நன்றாக நடக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா எழுந்து நடமாடியதும் செய்த முதல் காரியம் அம்மாவைக் கூப்பிட்டதுதான். "வா புள்ள, ரண்டு பேரும் சேந்தே போலாம். ஊருக்கும் ஒண்ணுமில்லைன்னு தெரியும். உனக்கும் ஆசையா இருக்குதில்ல."

அவர் அதை முழு மனசோடுதான் சொன்னார். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் அம்மா ஒருவேளை எதிர்த்துப் பேசியிருப்பாள்.

குரங்குக் குல்லாயும் மப்ளருமாக அப்பா கிளம்புவார். எதிரே வருகிற ஒவ்வொருவரையும் நிறுத்திப் பேசுவார். "வாக்கிங்குங்களா?" என்று அவர்கள் கேட்பார்கள். "ஆமாங்க, டாக்டரு சொல்லியிருக்கறாரு." அவர் கையிலும் ஒன்றும் இல்லை. ஒருத்தரும் கேட்கவில்லை. நடுநடுவே அரிசி மூட்டை, மாவரைக்கிற ஆள், புது போர்டுக்கு என்ன கலர் என்று அம்மாவிடம் பேசிக்கொண்டே வருவார். அம்மா இரண்டு அடி முன்னால் போவாள், நிற்பாள், அவர் வந்து சேர்ந்ததும் மறுபடி நடப்பாள். நானும் பின்னால் போயிருக்கிறேன். முன்பு வழக்கமாக நின்ற அந்த இடத்தில் அவள் நிற்கவே இல்லை. தாண்டிப்போகும்போது தலையைத் திருப்பியும் பார்க்கவில்லை.

அந்த வேகத்தில் சுற்றினால் பஸ் வருவதற்குள் திரும்ப முடியுமா? ஒரு நாள் இட்லி அடிப்பிடித்தது. இன்னொரு நாள் டிரைவர் பசியோடு எழுந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அத்தை ரொம்பத் தன்மையாகத்தான் சொன்னாள். "ரண்டு பேரும் போயிட்டா அடுப்ப யாரு பாக்கறது சாமி? அவனுக்கு டாக்டரு சொல்லியிருக்கறாரு, அவன் போகாம இருக்க முடியாது. நீ நல்லாத்தான இருக்கற?"

"சரிங்க அண்ணி" என்றாள் அம்மா. மறுநாள் அப்பா மட்டும் போனார். காப்பிப் பழம் பறித்து முடிவதற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. பூ பூத்து மலை முழுக்க மல்லிகையைப்போல மணந்தபோது அம்மா உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் இருப்புக்கொள்ளாமல் அலைந்தேன். அவளுக்காகச் சண்டை போடவேண்டும்போல இருந்தது. யாரோடு போடுவது? வில்லன் யாராவது இருந்தால்தானே?

அப்பாவுக்கு அந்தப் பழக்கம் கடைசிவரை விடவில்லை. மழையானாலும் பனியானாலும் ஏரியைச் சுற்றாமல் அவருக்குப் பொழுது விடியாது. 'மெஸ்காரரப் பாருங்க, என்ன ஒழுக்கம், என்ன கட்டுப்பாடு' என்று ஊரே மெச்சும். புது வருஷத்தில் ஒரு நல்ல பழக்கத்தை ஆரம்பித்தால் எப்படிக் காப்பாற்றவேண்டும் என்பதற்கு உதாரணமாக அவரைக் காட்டுவார்கள். அப்பாவும் அதை நம்பிவிட்டார். தானே நினைத்துத் தானே ஆரம்பித்ததாகத்தான் பின்னாட்களில் சொல்வார். அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை.

எனக்குக் கல்யாணமாகி, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு காலை அப்பா சுற்றிவிட்டு வந்தார். புருவத்தில் பனித்துளி, முகம் பளிச்சென்று இருந்தது. சமையல்கட்டு வாசலில் வந்து நின்றுகொண்டார்.

"ஏம்புள்ள, இன்னைக்கு ஏரியப் பாக்கோணுமே! பனி அப்படியே பாதி வெலகி, பாதி வெலகாம, அக்கட்டால நின்னு பாத்தா நம்ம ஊட்டுப் பொகை தெரியுது. நொம்ப நல்லாருக்குது. இத்தன வருஷம் இங்க இருக்கற, நீயும் ஒரு நாளைக்கு வந்து பாரேன்."

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இட்லித் தட்டிலிருந்து துணியை உரித்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"அப்படியாங்க?" என்றாள். "உக்காருங்க, சூடா இருக்குது."